கலைச்சொல் தேவை: ரோக்லைக் ஆட்டங்களில் ஸ்பீடு, எனர்ஜி, டிலே, டர்ன்

அன்புள்ள குழுவினருக்கு,

ரோக்லைக் ஆட்டங்களை (முறை மாறி மாறி ஆடும் நிலவறைக் கணினி ஆட்டங்களை)த் தமிழாக்கும்போது 'ஸ்பீடு' என்று எங்கு கண்டாலும் 'வேகம்' என்று போட்டுவிடுகிறோம். ஆட்டத்துக்குள் அது ஒரே கணக்கு அல்ல. ஒருவர் எவ்வளவு விரைவில் அடுத்த செயலுக்குத் தகுதி பெறுகிறார் என்பது ஒன்று. அந்தச் செயல் எவ்வளவு நேரத்தைத் தின்கிறது என்பது வேறொன்று.

புரோக் ஆட்டத்தின் குள்ளநரியை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஓர் அடி நகர 50 நேர அலகு ஆகும். கடிக்க 100 ஆகும். ஆடுபவருக்கு இரண்டுமே 100. ஆகவே நரியிடமிருந்து ஓடித் தப்ப முடியாது. ஆனால் எதிர்த்து நின்றால் அடிக்கு அடி சமம். விளக்கத்தில் 'வேகமான நரி' என்று மட்டும் எழுதினால், அது இரண்டு மடங்கு கடிக்கும் என்று நினைத்து ஓடுவார்கள். ஓடுவதுதான் அங்கே மிக மோசமான முடிவு. நெட்ஹேக் ஆட்டத்தில் நிலைமை வேறு: அங்கே வேகம் 24 உள்ள விலங்கு, 12 உள்ளதைவிட நடப்பதிலும் தாக்குவதிலும் இரட்டிப்பு.

என் முன்மொழிவு:

வேகம் – ஒருவருக்கு நேரம் சேரும் வீதம் மட்டும்.
செயல்நேரம் – ஒரு செயலுக்கு ஆகும் நேரம். நகர்வுநேரம், தாக்குநேரம் என்று பிரித்தும் வழங்கலாம்.
நேர இருப்பு – 'எனர்ஜி'க்கு, அதாவது செயல்படுவதற்காக ஒருவரிடம் சேர்ந்திருக்கும் நேரத்துக்கு. 'ஆற்றல்' வேண்டாம், மந்திர ஆற்றலோடும் உடல்வலுவோடும் மோதும்.
மாத்திரை – கடிகாரத்தின் மிகச் சிறிய அலகு. எழுத்திலக்கணத்தில் குறிலுக்கு 1, நெடிலுக்கு 2, மெய்க்கு அரை என்று ஒலிப்பு நேரத்தை அளக்கும் சொல்லைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியவில்லை.

---

வணக்கம்.

> நேர இருப்பு – 'எனர்ஜி'க்கு.

முழு உடன்பாடு. இந்தச் சொல் கணக்கையே விளக்கிவிடுகிறது: வரவு, செலவு, மீதி. ஆங்பேண்ட் ஆட்டத்தில் இயல்பு வேகத்தில் ஒவ்வொரு உள்சுற்றுக்கும் (ஆட்டத்தின் உள்கடிகாரம் ஒரு படி நகர்வதற்கு) 10 வரவு. 100 சேர்ந்ததும் ஒரு செயல். வேகம் +10 என்றால் வரவு 20. +5 உள்ள எதிரிக்கு வரவு 15 என்று வைத்துப் பாருங்கள். 7ஆம் உள்சுற்றில் 105 சேரும். செயல்பட்டபின் மீதி 5. அடுத்தது 14இல், மீதி 10. அடுத்தது 20இல், மீதி இல்லை. நீங்கள் 10இலும் 20இலும் ஆடுகிறீர்கள். 20இல் எதிரி முந்திக்கொண்டால், உங்கள் இரண்டு ஆட்டங்களுக்கு நடுவே அது இருமுறை அடித்துவிடும்.

இதை நிரலாக்குபவர்கள் அடிக்கடி செய்யும் பிழை, செயலுக்குப் பின் இருப்பை 0 ஆக்கிவிடுவது. 100ஐக் கழிக்க வேண்டுமே தவிர அழிக்கக் கூடாது. அழித்தால் வரவு 15க்கும் 7 உள்சுற்று, 16க்கும் 7 உள்சுற்று. +5, +6 இரண்டுக்கும் வேறுபாடே இல்லாமல் போகும். 'மீதி' என்ற சொல்லையும் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.

> மாத்திரை – கடிகாரத்தின் மிகச் சிறிய அலகு.

சொல் அழகு. ஆனால் இந்த ஆட்டங்களில் பையில் மருந்துக் குப்பிகள் இருக்கும். '50 மாத்திரை செலவாகும்' என்று திரையில் வந்தால் பையைத்தான் திறந்து பார்ப்பார்கள். 'துடிப்பு' போதும் என்பேன். டன்ஜன் கிரால் ஆட்டத்தில் சாதாரணமாக ஓர் அடி நகர 10 துடிப்பு. குத்துவாளின் தாக்குநேரமும் தொடக்கத்தில் 10, திறன் கூடக்கூட 5 வரை இறங்கும். வாசிக்க இடறவில்லை.

என் பெரிய கவலை 'டர்ன்'. எல்லாரும் 'முறை' என்கிறோம். 'ஓநாய் ஒரு முறையில் இரண்டு முறை தாக்கும்' என்ற வரியை ஏற்க முடியுமா?

---

துடிப்பு சரி, மாத்திரையை விட்டுவிடுகிறேன்.

'முறை' பற்றிச் சொன்னது சரியான இடத்தில் கை வைத்தது. உங்கள் மடலிலேயே 'இருமுறை அடித்துவிடும்' என்று வந்திருக்கிறது, பாருங்கள். எண்ணிக்கைக்கு 'தடவை' என்று கட்டாயமாக வைத்துக்கொள்வோம். 'முறை' ஆடும் உரிமைக்கு மட்டும். எல்லாருக்கும் பொதுவாக ஓடும் கடிகாரத்துக்குச் 'சுற்று'. ஆக, 'ஒரு சுற்றில் ஓநாய்க்கு இரண்டு முறை கிடைக்கும். ஒவ்வொரு முறையிலும் ஒரு தடவை கடிக்கும்.'

சுற்றும் முறையும் குழம்பினால் ஆடுபவர் உயிரே போகும் இடம், நீடிக்கும் விளைவுகள். '10 முறைக்கு விஷம்' என்பது விரைவூட்டப்பட்டவரின் சொந்த 10 செயல்களா, பொதுக் கடிகாரத்தின் 10 சுற்றா? முதலாவது என்றால் விஷம் கடிகாரப்படி சீக்கிரம் முடியும். இரண்டாவது என்றால் அந்த 10 சுற்றுக்குள் அவருக்கு 13, 16 செயல்கள்கூடக் கிடைக்கலாம், மருந்து தேட நேரம் இருக்கும். நெட்ஹேக்கில் பசி சுற்றுக்கணக்கில்தான் ஏறும். விரைந்து நடப்பவர் அதே உணவில் கூடுதல் தூரம் போவது அதனால்தான். மொழிபெயர்ப்பவர் மூலநிரலைப் பார்த்த பிறகே சொல்லைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

'டிலே'க்குத் 'தாமதம்' என்று பழைய கோப்புகளில் இருக்கிறது. நீக்கிவிடலாம். தாமதம் என்றால் குறித்த நேரம் தவறியது. இங்கே எதுவும் தவறவில்லை. 'வினைக்காலம்' என்றும் யாரும் முன்மொழிய வேண்டாம். இலக்கணம் படித்தவருக்கு இறந்தகாலம், எதிர்காலம்தான் நினைவுக்கு வரும். 'ஹேஸ்ட்', 'ஸ்லோ' என்ற நிலைகளுக்கு விரைவு, மந்தம்.

இன்னொரு சொல்லும் வேண்டும். மீதிக்கணக்கை ஆடுபவர் மனத்தில் எண்ணி, எதிரிக்கு இரட்டைமுறை வராத நேரம் பார்த்து அடித்து ஒதுங்க முடியும். நெட்ஹேக் 2015இல் வந்த 3.6.0 பதிப்பில் இதை உடைத்தது. அங்கே ஒரு முறைக்கு 12 செலவு. அதற்கு முன் வேகம் 15 உள்ள விலங்குக்கு 4 சுற்றில் 5 முறை, தப்பாமல். இப்போது ஒவ்வொரு சுற்றிலும் ஒரு முறை உறுதி. எஞ்சிய 3க்கு, 12இல் 3 பங்கு வாய்ப்பில் இன்னொரு முறை. சராசரி மாறவில்லை, எண்ணிவைக்கும் வசதி போய்விட்டது. இதற்குக் 'குலுக்கல் முழுமையாக்கம்' என்று எழுதிப் பார்த்தேன்; கொஞ்சம் நீளம்.

---

'குலுக்கல் மீதி' போதுமே. மீதியைக் குலுக்கல் முடிவு செய்கிறது என்பது உடனே புரிகிறது.

செயல்நேரத்துக்கு ஒரு குறிப்பு சேர்க்க வேண்டும்: அந்த நேரம் செயலுக்கு முன்னா, பின்னா? புரோக்கின் ஓகருக்குத் தாக்குநேரம் 200. அது ஓங்கிக்கொண்டு 200 துடிப்பு நிற்பதில்லை; அடி உடனே விழும், பிறகுதான் 200 காத்திருக்கும். அந்த இடைவெளியில் உங்களுக்கு இரண்டு அடி. 'ஓங்குநேரம்' என்று ஒரு வரைவில் பார்த்தேன். அது நேர்மாறான படத்தைத் தருகிறது. முன்னால் காத்திருக்க வைக்கும் செயல்களுக்கு மட்டும் அந்தச் சொல்லை ஒதுக்கி, மற்றவற்றுக்குத் தாக்குநேரம் என்றே வைப்போம். மாற்றுக் கருத்து இல்லையென்றால் இந்த வரையறையோடு சொற்கோப்பில் ஏற்றுகிறேன்.