செப்டம்பர்ல இங்கிலாந்து போர்டிங் ஸ்கூலுக்குப் புதுசா வர்ற பிள்ளைங்க: நீங்க நேர்ல பார்த்த ஒண்ணைச் சொல்லுங்க

ஹீத்ரோ_வாசல்:

கார்டியன் (அப்பா அம்மாவுக்குப் பதிலா இங்க பிள்ளைக்குப் பொறுப்பேற்கிறவங்க) வேலை பார்க்கிறவங்க, மேட்ரன் (விடுதியில பிள்ளைகளைப் பார்த்துக்கிறவங்க), நர்ஸ், விசா ஃபைல் பார்க்கிறவங்கன்னு எல்லாரும் இங்க இருக்கீங்க. ஆளுக்கு ஒரு சம்பவம் போதும். அடுத்த வருஷம் அனுப்பப் போறவங்களுக்கு உதவும்.

என் மனசை விட்டுப் போகாதது இது. பையனுக்கு 14 வயசு, இயர் 10-ல சேர வந்தான். தனிப் பயணம், சாயந்திர ஃபிளைட். குடிநுழைவு கவுண்டர்ல "யார் கூட்டிட்டுப் போக வந்திருக்காங்க, எங்க தங்கப்போற"ன்னு கேட்டிருக்காங்க. நியாயமான கேள்விதான். எல்லாப் பேப்பரும் இருக்கு, ஆனா பெரிய பெட்டிக்குள்ள. தொலையக் கூடாதுன்னு அம்மா பிளாஸ்டிக் கவர்ல போட்டு, பனியன் அடுக்குக்கு நடுவுல பத்திரமா வெச்சிருக்காங்க. பெட்டி அந்தப் பக்கம் பெல்ட்ல சுத்துது, பிள்ளை இந்தப் பக்கம் நிக்கிறான். முதல்ல குடிநுழைவு, அப்புறம்தான் பெட்டி. இது வீட்டுல யாருக்கும் தோணல. ஃபோன்ல ரோமிங் இல்ல. அவனுக்கு மனப்பாடமா தெரிஞ்ச ஒரே நம்பர் அப்பாவோடது. இந்தியாவுல அப்போ நடுராத்திரி.

கைப்பையில இருக்க வேண்டியது: பாஸ்போர்ட், சிஏஎஸ் (விசாவுக்காகப் பள்ளி கொடுக்கிற சேர்க்கை உறுதி) விவரத்தோட பள்ளியின் சேர்க்கைக் கடிதம், அப்பா அம்மா ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்ட சம்மதக் கடிதம், காசநோய்ச் சான்றிதழ் நகல், தடுப்பூசி விவரம். இதுக்கெல்லாம் மேல ஒரு ஒற்றைத் தாள். கார்டியன் பேர், முகவரி, நம்பர், ஹவுஸ் பேரன்ட் (விடுதிப் பொறுப்பாளர்) நம்பர் எல்லாம் பெரிய எழுத்துல அதுல இருக்கணும். ஃபோன்ல சேமிச்சா போதாது, சார்ஜ் தீர்ந்தா அது வெறும் கண்ணாடி.

கோப்பு_கட்டு:

@ஹீத்ரோ_வாசல் தாள் வேணும், ஒத்துக்கிறேன். ஆனா இப்ப சிக்கல் அதிகமா வர்றது வேற இடத்துல. விசா இப்ப இ-விசா (மின்னணு விசா), யூகேவிஐ (இங்கத்து விசாத் துறை) இணையக் கணக்குல இருக்கு. கணக்கைத் திறந்தது அப்பாவோட மின்னஞ்சல், அப்பாவோட இந்திய நம்பர். உள்ள போகணும்னா ஒரு குறியீடு வரும், அது அப்பா ஃபோனுக்குத்தான் வரும். பிள்ளை இங்க, குறியீடு அங்க. அதனால கிளம்புறதுக்கு முன்னாடியே உள்ள போய் பேர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண் மூணையும் எழுத்தெழுத்தா சரிபாருங்க. அந்தப் பக்கத்தை அச்செடுத்துக் கைப்பையில வைங்க. இன்னொண்ணு, சின்னப் பிள்ளைகளோட இந்தியப் பாஸ்போர்ட் பொதுவா 5 வருஷம்தான். படிப்பு நடுவுல புதுசு எடுத்தா, அந்த எண்ணை இ-விசா கணக்குல ஏத்தணும். ஏத்தாம லீவுக்கு ஊருக்குப் போற பிள்ளை, திரும்பி வரும்போது விமான நிறுவன கவுண்டர்லயே நிப்பாள்.

நான் சொல்ல வந்தது விசாவுக்குக் காட்ட வேண்டிய பணக் கணக்கு. பள்ளிக் கட்டணம், விடுதிக் கட்டணம் ரெண்டுலயும் முதல் வருஷத்துக்கு இன்னும் கட்டாத பாக்கி வங்கியில இருக்கணும், தொடர்ந்து 28 நாள். ஒரு குடும்பம் 27 நாள் சரியா வெச்சிருந்தாங்க. பாஸ்புக்ல ஒரே ஒரு வரி: கார் தவணை தானா கழிஞ்சு, தேவையான தொகைக்குக் கொஞ்சம் கீழ போயிடுச்சு. மறுநாளே பணம் போட்டாங்க. பிரயோஜனம் இல்ல, எண்ணிக்கை முதல்ல இருந்துதான். அந்த அப்பா அந்த வரி மேல விரலை வெச்சிட்டு அப்படியே உக்காந்திருந்தார்.

அதனால பவுண்ட் விலை ஏறினாலும் தாங்குற மாதிரி கூடுதலா வைங்க. விண்ணப்பிக்கிற தேதியின் மாற்று விகிதத்துலதான் கணக்குப் பார்ப்பாங்க. தவணை ஓடாத தனிக் கணக்கா இருக்கட்டும். ஸ்டேட்மென்ட்டின் கடைசித் தேதி விண்ணப்ப நாளுக்கு 31 நாளுக்குள்ள இருக்கணும். 2025 ஜனவரி 1-லிருந்து தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு 20 சதவீதம் வாட் வரி உண்டு, பழைய கட்டணப் பட்டியலை வெச்சுக் கணக்குப் போடாதீங்க. சுகாதாரக் கட்டணம் வருஷத்துக்கு 776 பவுண்ட், விசா முழுக் காலத்துக்கும் முன்கூட்டியே கட்டணும். காசநோய்ப் பரிசோதனையைக் கடைசிக்குத் தள்ளாதீங்க. எக்ஸ்ரே தெளிவா இல்லன்னா சளிப் பரிசோதனை கேப்பாங்க, அதுக்கு 8 வாரம் வரைக்கும் போகும். சான்றிதழுக்கு ஆயுள் 6 மாசம். ஜூன்ல முடிச்சா நிம்மதி.

ஹரோ_மாமி:

ரெண்டு பேரும் கடதாசி கடதாசி எண்டு சொல்லுறியள். கடதாசியில எழுதுற சொல்லைப் பற்றி ஒருதரும் கதைக்கேல்லை.

பிள்ளைக்கு 14 வயது. கோடை விடுமுறை முழுக்க, எட்டுக் கிழமை, "சித்தி வீடு" எண்டு பள்ளிக்கூடத்துக்குக் குடுத்திருந்தவை. இங்கிலீசில "ஆன்ட்". கவுன்சிலால ஒரு பெண் வந்து சமையலறை மேசையில இருந்து குடும்ப மரம் கீறினவ. பிள்ளை, தாய், தாயின்ர தாய். சித்தியை எங்க போடுறது எண்டு கேட்டா. சித்தி தாயின்ர கூடப்பிறந்தவ இல்லை, ஒன்றுவிட்ட தங்கச்சி. அந்தப் பேனை அப்பிடியே நிண்டது. அந்தப் பிள்ளை சித்தியின்ர முகத்தைப் பாத்த பார்வை இப்பவும் கண்ணுக்குள்ள நிக்குது. "அப்ப நீங்கள் எனக்குச் சித்தி இல்லையோ?"

எங்களுக்குத் தாயின்ர ஒன்றுவிட்ட தங்கச்சியும் சித்திதான். இங்கத்தைச் சட்டத்துக்கு அப்பிடி இல்லை. தாத்தா பாட்டி, கூடப்பிறந்தவை, தாய் தேப்பனின்ர கூடப்பிறந்தவை, மாற்றுத் தாய் தேப்பன், இவைதான் நெருங்கின சொந்தம். வேற ஆற்றை வீட்டிலையும் 16 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை 28 நாளோ கூடவோ தங்கினால் அது தனியார் வளர்ப்புப் பராமரிப்பு. குறைஞ்சது 6 கிழமைக்கு முன்னம் உள்ளூர்க் கவுன்சிலுக்கு அறிவிக்க வேணும். பயப்பிட ஒண்டும் இல்லை. வந்து வீடு பாப்பினம், வீட்டில இருக்கிற பெரியாக்களின்ர பின்னணி பாப்பினம், பிள்ளையோட தனியக் கதைப்பினம். மறைச்சால்தான் பிழை. ஒக்டோபர் ஹாஃப் டேர்ம் (தவணைக்கு நடுவில வாற லீவு) ஒரு கிழமையோ ரெண்டு கிழமையோ தான், அதுக்கு இந்த விதி வராது. ஆனாலும் உறவைச் சரியாய் எழுதுங்கோ: "தாயின் ஒன்றுவிட்ட சகோதரி". யூனிவர்சிற்றியில படிக்கிற அண்ணனைக் கார்டியனாய்ப் போடாதேங்கோ, கனக்கப் பள்ளிக்கூடங்கள் 25 வயதுக்கு மேற்பட்ட ஆளைத்தான் ஏற்கும். சொந்தம் ஒருதரும் இல்லாட்டி ஏஜிஸ் (கார்டியன் நிறுவனங்களைச் சோதிச்சுப் பாக்கிற அமைப்பு) அங்கீகாரம் உள்ள கார்டியன் நிறுவனமாய்ப் பாருங்கோ.

ஹவுஸ்_மேட்ரன்:

மூணாவது வாரம். லாண்டரி ரூம்ல பேரில்லாத துணிக்குன்னு ஒரு கூடை இருக்கும். இயர் 7 பையன் ஒருத்தன் அதுக்கு முன்னாடி முட்டி போட்டு, ஒவ்வொரு சாக்ஸையும் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு இருந்தான். அத்தனையும் ஒரே கருப்பு. வீட்டுல மார்க்கர் பேனாவால எழுதித்தான் அனுப்பியிருந்தாங்க, நாலஞ்சு சலவையில போயிடுச்சு. "எங்க அம்மா எல்லாத்துலயும் எழுதினாங்க"ன்னு மட்டும் சொல்லிக்கிட்டே இருந்தான். சாக்ஸ் போனதைவிட அதுதான் அவனுக்கு வலிச்சுது.

நெய்த பேர்ப் பட்டி வாங்குங்க. 72 பத்தாது, 144 வேணும். 10 ஜோடி சாக்ஸுக்கே 20 போயிடும். அதுல வர்ற பேர் பள்ளிப் பதிவேட்டுல இருக்கிற பேராவே இருக்கணும். நம்ம பிள்ளைங்களுக்கு இங்கதான் இடிக்குது. வீட்டுல "ஆர். அருண்"னு எழுதுவாங்க, பதிவேட்டுல அப்பா பேர்தான் குடும்பப் பேர். சலவையில துணி பிரிக்கிறது குடும்பப் பேரை வெச்சு. "ஆர்"ங்கிற ஒத்தை எழுத்தை வெச்சு யார் துணின்னு கண்டுபிடிக்க முடியாது. பள்ளி லாண்டரி எண் கொடுத்தா அதையும் சேர்த்து நெய்யச் சொல்லுங்க.

சட்டைக்குக் காலருக்கு உள்பக்கம், நாலு ஓரமும் தையல். பேன்ட்டுக்கு இடுப்புப் பட்டை உள்பக்கம். சாக்ஸுக்கு மட்டும் பட்டியை ரெண்டா மடிச்சு, மேல் விளிம்புல ஒரு ஓரம் மட்டும் தைக்கணும். நாலு பக்கமும் தைச்சா எலாஸ்டிக் விரியாது, காலை நுழைக்கும்போதே நூல் அறுந்துடும். இஸ்திரி போட்டு ஒட்டுற பட்டி வேண்டவே வேண்டாம், பள்ளி டிரையர் சூட்டுல உரிஞ்சு வந்துடும்.

சலவை_அனுபவம்:

@ஹவுஸ்_மேட்ரன் ஒட்டுற பட்டியை மொத்தமா ஒதுக்குறது சரியில்ல. அது உரியறதுக்குக் காரணம் நாம ஒட்டுற விதம். நீராவியை நிறுத்திட்டு, பட்டியில சொல்லியிருக்கிற சூட்டுல அசைக்காம அழுத்தணும். முக்கியமா, ஆறுற வரைக்கும் தொடக் கூடாது. ஒட்டிச்சான்னு சூட்டோட ஓரத்தைத் தூக்கிப் பார்க்கிறாங்க பாருங்க, அங்கயே போச்சு. காட்டன் சட்டைக்கும் துண்டுக்கும் அது போதும். ரக்பி சட்டை, டிராக் சூட் பாலியெஸ்டர், அந்தச் சூட்டுல பளபளன்னு தடம் விழுந்துடும். அங்க தையல்தான்.

பேச்சு வந்ததால இதையும் சொல்லிடுறேன். ஒரு அப்பா சென்னையிலிருந்து ரஜாய் கொண்டு வந்தார், ஒரு பெட்டியில பாதி அதுவே. இங்க சிங்கிள் டூவே (உறை போட்டுப் போத்திக்கிற தடிமனான போர்வை) உறை 135க்கு 200 சென்டிமீட்டர். ரஜாய் அதுக்குள்ள நுழையல, கடைசியில ஜன்னல் ஓரம் மடிச்சு வெச்சிருந்தது. படுக்கைச் சாமானை இங்கயே வாங்குங்க. 10.5 டாக் (கதகதப்பு அளவு) டூவே, 90க்கு 190 மெத்தை விரிப்பு ரெண்டு, டூவே உறை ரெண்டு, தலையணை ஒண்ணு. வாங்குறதுக்கு முன்னாடி ஹவுஸ்ல கேளுங்க, பல இடத்துல அவங்களே கொடுப்பாங்க. மிச்சமாகுற எடையில கருப்புத் தோல் ஷூ ரெண்டு ஜோடி வரும். ஃபுட்பால் பூட்ஸ் மட்டும் தடிமனான சாக்ஸ் போட்டு அளவு பார்த்து இங்க வாங்கணும். ரக்பிக்குப் பல் கவசம் கேப்பாங்க. பல் கம்பி போட்ட பிள்ளைக்குக் கடையில விக்கிற வெந்நீர்ல போட்டுக் கடிக்கிற வகை பெரும்பாலும் சரிவராது, ஊர்லயே பல் டாக்டர்கிட்ட அச்செடுத்துக் கொண்டு வாங்க. சார்ஜருக்கு 13 ஆம்பியர் மூணு சதுர முள் பிளக்தான். பல ஹவுஸ்ல டிராவல் அடாப்டரையும் இந்திய எக்ஸ்டென்ஷன் கட்டையையும் எடுத்து வெச்சிடுவாங்க. ரைஸ் குக்கர், கெட்டில் ரூம்ல கூடவே கூடாது.

பள்ளி_நர்ஸ்:

ரஜாய் பாதிப் பெட்டின்னா, மீதிப் பாதி மருந்து!

16 வயசுப் பொண்ணு, வந்து ரெண்டாவது நாள் காய்ச்சல். ரூம்ல வெச்சிருந்த 650 மில்லிகிராம் பாராசிட்டமால் ரெண்டைப் போட்டுட்டு மெடிக்கல் சென்டருக்கு வந்தா. வேற ஏதாவது சாப்பிட்டியான்னு கேட்டா இல்லன்னு சொன்னா. மருந்து கொண்டு வந்ததுக்குத் திட்டுவாங்கன்னு பயம். இங்க மாத்திரை 500. ரெண்டு எடுத்து உள்ளங்கையில வெச்சாச்சு, தண்ணி டம்ளரும் கையில. அப்போதான் மெல்ல, "காலையில அம்மா கொடுத்தனுப்பினது போட்டேன், கணக்கா?"ன்னு கேட்டா. போட்டு ரெண்டு மணி நேரம்தான் ஆகியிருந்தது. ரெண்டு வேளைக்கு நடுவுல குறைஞ்சது 4 மணி நேரம் வேணும், அவ வயசுக்கு 24 மணி நேரத்துல மொத்தம் 4 கிராம் தாண்டக் கூடாது. தாண்டினா அடி வாங்குறது ஈரல்.

பிள்ளைகிட்ட ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்க: மருந்தைக் காட்டினா யாரும் திட்ட மாட்டாங்க. முதல் நாளே எல்லாத்தையும் மேட்ரன்கிட்டயோ நர்ஸ்கிட்டயோ கொடுக்கணும். தினசரி மருந்துன்னா டாக்டர் சீட்டு ஆங்கிலத்துல வேணும்: மருந்தின் மூலப் பேர், அளவு, எத்தனை வேளை, எதுக்காக. பிராண்ட் பேர் மட்டும் எழுதினா இங்க யாருக்கும் புரியாது. பாதி வெட்டின மாத்திரைப் பட்டையை வாங்கிக்க முடியாது, பேரும் காலாவதித் தேதியும் அறுந்து போயிருக்கும்.

தடுப்பூசியில ஒண்ணு கவனிங்க. இந்திய அரசுத் திட்டத்துல போடுறது எம்ஆர், தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் மட்டும். இங்க கேக்குறது எம்எம்ஆர் ரெண்டு தவணை, அதுல பொன்னுக்குவீங்கியும் உண்டு. அட்டையில எது எழுதியிருக்குன்னு எழுத்தெழுத்தாப் பாருங்க. மூளைக்காய்ச்சலுக்கான மென்ஏசிடபிள்யூஒய் இங்க 14 வயசு வாக்குல போடுறாங்க. போடாம வந்த பிள்ளைக்கு இங்கயே போட்டுக்கலாம், 25 வயசு வரைக்கும் வழி உண்டு.

டக்_பாக்ஸ்:

கடலை மிட்டாய் அனுப்பாதீங்க. நட்ஸ் கூடாதுன்னு விதி வெச்ச பள்ளிகள் நிறைய. இட்லிப் பொடியில நிலக்கடலை சேர்த்தா அதுவும் அப்படித்தான், எள்ளும் இங்க ஒவ்வாமைப் பட்டியல்ல இருக்கு. என்னென்ன சேர்த்ததுன்னு ஆங்கிலத்துல எழுதி டப்பா மேல ஒட்டுங்க. பால்கோவா விமான நிலையத்தையே தாண்டாது, இந்தியாவிலிருந்து பால் பொருளும் இறைச்சியும் உள்ள கொண்டு வரக் கூடாது. பாட்டி கிண்டினதுன்னு ஒரு பிள்ளை சொல்லிச் சொல்லிக் கேட்டுது. அந்தத் தூக்குவாளியைப் பிள்ளை கண் முன்னாடியே குப்பையில போட்டாங்க.

முதல்_ஆறு_வாரம்:

நல்ல திரி. கடிகாரத்தை யாரும் சொல்லல, அதுக்காக வந்தேன்.

அக்டோபர் கடைசி ஞாயிறு இங்க கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால போகும். அதுவரைக்கும் இந்தியாவோட நாலரை மணி நேர வித்தியாசம், அதுக்கப்புறம் அஞ்சரை. இயர் 9 பொண்ணு ஒருத்திக்குத் தினமும் ராத்திரி பத்தரைக்கு வீட்டுல இருந்து ஃபோன் வரும், இங்க சாயந்திரம் 6 மணி, சாப்பாட்டுக்கு முன்னாடி. ஹாஃப் டேர்ம் முடிஞ்சு வந்தப்போ அதே பத்தரை இங்க 5 மணி ஆயிடுச்சு. அவ ஹாக்கி மைதானத்துல, ஃபோன் லாக்கர்ல. 6 மணிக்கு ஓடி வந்து எடுத்தா நாலு மிஸ்டு கால். அங்க பதினொன்னரை, வீட்டுல தூங்கிட்டாங்க. மூணு நாள் தொடர்ந்து இப்படி. மூணாம் நாள் கோட்டைக்கூடக் கழட்டாம, வாசப்படியிலயே ஃபோனைப் பார்த்துட்டு நின்னா. வீட்டுல எதுவும் கெட்ட சேதியோன்னு நினைச்சுட்டா.

பேசுற நேரத்தை இங்கிலாந்து கடிகாரத்துல முடிவு பண்ணுங்க. 7 மணிக்கு மேல படிப்பு நேரம், சின்ன வகுப்புகள்ல படுக்கப் போகும்போது ஃபோனை வாங்கி வெச்சிடுவாங்க. ஞாயிறு காலை 10 மணி நல்ல நேரம். அக்டோபர் கடைசி வரைக்கும் அங்க மதியம் ரெண்டரை, அப்புறம் மார்ச் கடைசி ஞாயிறு வரைக்கும் மூன்றரை. காலண்டர்ல ரெண்டு தேதியையும் இப்பவே வட்டம் போட்டு வைங்க.