வகுப்பில் "எங்கோ போய்விடுகிறாள்" என்கிறார்கள். ஏடிஎச்டியா?

நிலாஅம்மா_ஈரோடு:
மகளுக்கு 8 வயது, மூன்றாம் வகுப்பு. சேட்டை என்று இதுவரை ஒரு புகாரும் வந்ததில்லை. போன வாரம் வகுப்பு மிஸ் கூப்பிட்டு, "கரும்பலகையைப் பார்த்தபடியே எங்கோ போய்விடுகிறாள், ஏடிஎச்டி, அதாவது கவனக்குறைவு-மிகைச்செயல்பாட்டுக் கோளாறு மாதிரி தெரிகிறது, டாக்டரிடம் காட்டுங்கள்" என்றார். கூட்டல், கழித்தல் நன்றாகத் தெரியும். ஆனால் பாதிக் கணக்கில் நிறுத்திவிடுகிறாள். ரப்பர், ஸ்கேல் எதுவும் வீடு திரும்புவதில்லை. மாமியாரோ, "அவ அப்பனும் இப்படித்தான், தானா சரியாயிடும்" என்கிறார். இணையத்தில் ஒரு கேள்வித்தாளை நிரப்பினேன், "வாய்ப்பு அதிகம்" என்று வந்தது. ஏடிஎச்டி என்றால் ஓரிடத்தில் உட்காராத பிள்ளைகள் இல்லையா? ஸ்கேன் எடுக்க வேண்டுமா?

செந்தில்_கோவை:
ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எதிலும் ஏடிஎச்டி தெரியாதுங்க. என் பையனுக்குப் பார்த்தபோது எங்களுக்கு ஒரு படிவம், பள்ளிக்கு ஒரு படிவம் கொடுத்தார்கள். இரண்டையும் ஒப்பிட்டு, எங்களிடம் நெடுநேரம் பேசிய பிறகுதான் டாக்டர் ஏடிஎச்டி என்ற பெயரையே சொன்னார். ஐந்து நிமிடத்தில் மாத்திரை எழுதினால் வேறு இடம் பாருங்கள்.

சிறப்பாசிரியை_மதுரை:
நிலா அம்மா, அந்த இணையக் கேள்வித்தாளை ஓரமாக வையுங்கள். அமைதியாக உட்கார்ந்தபடியே கவனம் சிதறும் வகையும் ஏடிஎச்டியில் உண்டு. பெண் பிள்ளைகளிடம் அது பல சமயம் கண்ணில் படாமலே போகிறது. வகுப்பைக் கலைக்காத பிள்ளையை யார் கவனிக்கிறார்கள்? ஆனால் அதற்கும் அளவுகோல் இருக்கிறது. கவனக்குறைவின் 9 அறிகுறிகளில் குறைந்தது 6 இருக்க வேண்டும், ஆறு மாதம் தொடர வேண்டும், 12 வயதுக்கு முன்பே தலைகாட்டியிருக்க வேண்டும், வீடு, பள்ளி என இரண்டு இடத்திலாவது தெரிய வேண்டும்.

உங்கள் பதிவில் எனக்கு உறுத்துவது மிஸ் சொன்ன அந்த ஒரு வரிதான். எப்படிப் போகிறாள்? பேசிக்கொண்டோ சாப்பிட்டுக்கொண்டோ இருக்கும்போது சட்டென்று நின்று, கண் ஒரே இடத்தில் நிலைகுத்தி, சில நொடிகளில் ஒன்றும் நடக்காததுபோல் தொடர்கிறாளா? இமை துடிக்கிறதா? அப்போது தோளைத் தொட்டால் திரும்புகிறாளா? தொட்டும் திரும்பாவிட்டால் அது வலிப்பில் ஒரு வகையாக இருக்கலாம், ஆப்சென்ஸ் சீஷர் என்பார்கள். கை கால் உதறாது, கீழே விழ மாட்டார்கள், அதனால் பள்ளியில் "கவனமில்லை" என்று முடித்துவிடுவார்கள். 4 முதல் 10 வயதுக்குள் தொடங்குவதுதான் வழக்கம், ஒரே நாளில் பல முறைகூட வரும். மூளையின் மின் அலைகளைப் பதியும் இஇஜி எடுத்தால் தெரிந்துவிடும். ஏடிஎச்டி மாத்திரை அதைக் குணப்படுத்தாது, அதற்கு மருந்தே வேறு. முடிந்தால் போனில் வீடியோ எடுத்து வையுங்கள்.

அப்புறம் காது, கண் இரண்டையும் பாருங்கள். இரவில் குறட்டை விடுகிறாளா? மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு சதை பெருத்துத் தூக்கம் கெட்டாலும் பகலில் இப்படித்தான் இருப்பார்கள். இன்னொன்று, நின்றுபோவது எந்தக் கணக்கில்? வெறும் எண்களிலா, வாக்கியக் கணக்கிலா?

நிலாஅம்மா_ஈரோடு:
நேற்றும் இன்றும் கவனித்தேன். அப்படிப் பார்க்கும்போது தொட்டால் உடனே "என்னம்மா" என்கிறாள். இமை துடிப்பு இல்லை. குறட்டையும் இல்லை. ஆனால் நீங்கள் கேட்டது சரி, எல்லாம் வாக்கியக் கணக்கில்தான் நிற்கிறது. படிக்காத ஒரு பக்கத்தைக் கொடுத்துப் பார்த்தேன். முதல் எழுத்தைப் பார்த்துவிட்டு மீதியை ஊகித்துச் சொல்கிறாள். பாடப் புத்தகத்தை மட்டும் கடகடவென்று ஒப்பிக்கிறாள்!

சிறப்பாசிரியை_மதுரை:
மனப்பாடத்தில் இதுவரை சமாளித்திருக்கிறாள், கெட்டிக்காரி. அப்படியானால் வாசிப்புக் குறைபாட்டையும் சேர்த்து மதிப்பிடச் சொல்லுங்கள். அதுவும் ஏடிஎச்டியும் ஒரே பிள்ளையிடம் இருப்பது அபூர்வமில்லை, ஒன்றைக் கண்டதும் மற்றதை விட்டுவிடக் கூடாது. தொட்டதும் திரும்பினாள் என்பதால் வலிப்புப் பேச்சை டாக்டரிடம் மறைக்க வேண்டாம், பள்ளியில் நடப்பதையும் சொல்லுங்கள், முடிவை அவர் எடுக்கட்டும்.

முதலில் குழந்தைகள் நல மருத்துவர். தனியாரில் செலவு கையைக் கடித்தால், மாவட்ட அரசு மருத்துவமனையிலோ அரசு மருத்துவக் கல்லூரியிலோ டி.இ.ஐ.சி. (குழந்தைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளை ஆரம்பத்திலேயே கண்டறிந்து உதவும் அரசு மையம்) எங்கே என்று கேளுங்கள். 18 வயது வரை இலவசமாகப் பார்ப்பார்கள். மிஸ்ஸிடம், என்னென்ன நேரத்தில், எந்தப் பாடத்தில் என்று ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மகளின் இந்த வருட நோட்டுகளோடு ஒன்றாம் வகுப்பு நோட்டு கிடந்தால் அதையும் எடுத்துப் போங்கள். எடைக்குப் போட்டிருக்க மாட்டீர்கள்தானே?