புதுப்பிப்பு: ஏற்காடு மலைப்பாதையில் கார் ஓட்டப் பயம்

ஏற்காட்டில் வேலை கிடைத்தும் மலைப்பாதையில் கார் ஓட்டப் பயமாக இருக்கிறது, சாமி மேல் பாரத்தைப் போட்டால் போதுமா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது ஒரு அக்கா சொன்ன யோசனை: "ஏற்காட்டு மலைச்சாமி சேர்வராயனை வேண்டிக்கோ, கூடவே மலை தெரிந்த ஒருத்தரைப் பக்கத்துல உட்கார வச்சுக்கோ." அடிவாரத்தில் கற்பூரம் ஏற்றிவிட்டுக் கிளம்பினேன். பக்கத்தில், இதே பாதையில் பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற எங்கள் தெரு மாமா. 20 கொண்டை ஊசி வளைவுகள்; ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஹாரன், இரண்டாவது கியர். இறங்கும்போதும் அதே கியர்தான். பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் சூடேறிப் பிடிக்காமல் போய்விடும். குறுகலான இடத்தில் ஏறி வரும் வண்டிக்கு இறங்குகிறவர்தான் வழிவிட வேண்டும்.

எதிர்பாராதது ஒன்று: பயம் முழுசாகப் போகவில்லை, உள்ளங்கை இன்னும் வியர்க்கிறது. ஆனால் சேர்வராயன் பார்த்துக்கொள்வான் என்று நம்பியதும், பின்னால் ஹாரன் அடிக்கிறவரோடு மல்லுக்கட்டத் தோன்றவில்லை. ஓரம்கட்டி முதலில் போகச் சொல்லிவிடுகிறேன். தெரியாததை மாமாவிடம் கேட்கவும் கூச்சமில்லை. அப்புறம் சேர்வராயன் கோயிலுக்கும் போனேன். அது குகைக்கோயில், உள்ளே குனிந்துதான் போக வேண்டும். குனிந்தபோது மனசு லேசாக இருந்தது.

மூடுபனி இறங்கிய நாளில் மட்டும் கார் எடுப்பதில்லை, பஸ்தான்.