அப்டேட்: குட்டிப் பசங்க ஹாலோவீன் பார்ட்டி நல்லபடியா முடிஞ்சுது

மூணுலேர்ந்து அஞ்சு வயசு வரைக்கும் பத்து குழந்தைங்க, கூடவே அப்பா அம்மாக்கள், யாரும் பயந்து அழாம எப்படி ஹாலோவீன் (பேய் வேஷம் போட்டு, பூசணிக்காய்ல முகம் செதுக்கி வெச்சு கொண்டாடுற நாள்) பார்ட்டி நடத்துறதுன்னு கேட்டிருந்தேன்ல, பதில் சொன்ன எல்லாருக்கும் தேங்க்ஸ்.

4 மணிக்கு ஆரம்பிச்சு 5:30க்கு முடிச்சிடுங்கன்னு ஒருத்தர் சொன்னதுதான் காப்பாத்துச்சு, இன்னும் பத்து நிமிஷம் போயிருந்தா வீடு ரணகளம் ஆயிருக்கும். பூசணிக்காய கத்தியால செதுக்காம பசங்கள ஸ்டிக்கர் ஒட்ட விட்டோம், செதுக்கின ஒண்ணு மட்டும் வாசல்ல, அதுக்குள்ளயும் மெழுகுவத்தி இல்லாம பேட்டரி லைட், தொங்குற காஸ்ட்யூம் துணில நெருப்பு பட்டுடுமோங்கிற பயமே இல்ல. உருண்டையா கெட்டியா இருக்கிற மிட்டாய் தொண்டைல சிக்கும்னு எல்லாத்தையும் எடுத்துட்டோம், திராட்சையக்கூட நீளவாக்குல நாலா வெட்டித்தான் வெச்சோம்.

பெரிய ஹிட் டாய்லெட் பேப்பர் மம்மிதான் (அம்மா இல்ல, துணி சுத்தி வெச்ச எகிப்து பிணம் மாதிரி வேஷம்). பெரியவங்கள நிக்க வெச்சு பசங்க பேப்பர சுத்தணும், அவ்ளோதான் விளையாட்டு. ஒரு அப்பா மூக்கு மட்டும் தெரியுற மாதிரி ஆடாம அசையாம நின்னாரு, சுத்தி முடிச்ச அவர் பொண்ணு "அப்பா எங்க?"ன்னு தேட ஆரம்பிச்சுட்டா.

எதிர்பார்க்காதது என்னன்னா, எலும்புக்கூடு பொம்மைக்கு ஒருத்தரும் பயப்படல, அதுக்கு ஊட்டி வேற விட்டாங்க. முழு மாஸ்க் போட்டுட்டு வந்த சொந்த அம்மாவப் பார்த்துத்தான் ஒரு பையன் அலறிட்டான், மாஸ்க்க கழட்டின அப்புறமும் கிட்ட போகவே கொஞ்ச நேரம் ஆச்சு. அழைப்புலயே "பெரியவங்க முகத்த மூடாதீங்க"ன்னு போட்டுடுங்க.