முகவைக்குக் கீழே தராசு: விடை 10 எப்படி? (அவசரம்)

கொட்டாஞ்சேனை_மாணவி: நாளை காலை வகுப்பு, யாராவது சொல்லுங்கோ. தராசில் முகவையும் நீரும், வாசிப்பு 8.0 நியூற்றன். 5.4 நியூற்றன் நிறையுள்ள உலோகக் கட்டி நீருக்குள் இருக்கிறது. கனவளவு 200 கன சென்ரிமீற்றர். இப்போது வாசிப்பு என்ன? கூட்டினால் 13.4 வருகிறது, விடைத்தாளில் 10.0. அச்சுப்பிழையா?

தெஹிவளை_அண்ணா: கட்டி நூலில் தொங்குகிறதா, அடியில் கிடக்கிறதா? கிடந்தால் 13.4 தான் சரி.

நனைந்த_கொப்பி: முகவை விளிம்பு வரை நிரம்பியிருந்ததா? நீர் வழிந்து தட்டுக்கு வெளியே போயிருந்தால், தொங்கும் கட்டிக்கு வாசிப்பு 8.0 இலிருந்து அசையவே அசையாது. நிறையப் பேர் வழுக்கி விழும் இடம் இது.

பழைய_பேப்பர்: சாதாரண தரத்திலேயே முடித்திருக்க வேண்டிய பாடம். படம் கீறாமல் கண்ட இலக்கத்தை எல்லாம் கூட்டினால் இப்படித்தான். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ரியூசன் ஒன்றுக்கு மூன்று, விசைப்படம் ஒன்றும் இல்லை.

கொட்டாஞ்சேனை_மாணவி: வழியவில்லை. படத்தில் கட்டிக்கு மேலே ஒரு கோடு இருக்கிறது, அதுவா நூல்?

தெஹிவளை_அண்ணா: அதேதான் தங்கச்சி. இடம்பெயர்ந்த நீர் 200 கன சென்ரிமீற்றர், அதன் நிறை 2.0 நியூற்றன், அதுவே மேலுதைப்பு. நீர் கட்டியை 2.0 ஆல் மேலே தள்ளினால் கட்டியும் நீரை 2.0 ஆல் கீழே தள்ளும், நியூற்றனின் மூன்றாம் விதி. தராசுக்குப் போவது அந்த 2.0 மட்டும்: 8.0 + 2.0 = 10.0. மீதி 3.4 ஐ நூல் தாங்குகிறது. உன்னுடைய 13.4 எங்கும் போகவில்லை, 10.0 தராசிலும் 3.4 நூலிலும் இருக்கிறது.

குமிழி: கட்டியில் காற்றுக்குமிழி ஒட்டியிருந்தால் மேலுதைப்புக் கூடும். ஆய்வுகூடத்தில் எப்போதும் அதுதான் பிரச்சினை.

தெஹிவளை_அண்ணா: இது கணக்கு தம்பி, ஆய்வுகூடம் இல்லை.

நனைந்த_கொப்பி: 2.0 என்பதே ஈர்ப்பு ஆர்முடுகலை 10 என்று எடுத்ததால் வந்தது. கொழும்பில் அது ஏறத்தாழ 9.78, மேலுதைப்பு 1.96 தான்.

பழைய_பேப்பர்: பாடப்புத்தகத்தில் 9.81 என்று படித்தவன் நான். 9.78 எங்கிருந்து முளைத்தது?

நனைந்த_கொப்பி: புவி சுழல்வதாலும் நடுவில் பருத்திருப்பதாலும் மத்தியகோட்டுப் பக்கம் குறையும், துருவத்தில் 9.83. நாங்கள் இருப்பது வடக்கே 7 பாகைக்குள்.

பழைய_பேப்பர்: பரீட்சையில் 9.78 போட்டுப் பாருங்கள், புள்ளி எவ்வளவு என்று பிறகு வந்து சொல்லுங்கள்.

கொட்டாஞ்சேனை_மாணவி: கேள்வியின் மேலேயே 10 என்று தந்திருக்கிறார்கள். விளங்கிவிட்டது, நன்றி அண்ணா.

குமிழி: அந்தக் கட்டி அலுமினியம், யாரும் கவனித்தீர்களா? 5.4 நியூற்றன் என்றால் 540 கிராம், அதை 200 ஆல் வகுத்தால் 2.7, அலுமினியத்தின் அடர்த்தி.