கேஸ்லேண்ட்ஸ்: புதியவர்களுக்கு முதல் நாளே துப்பாக்கி தரலாமா?

நல்லம்பள்ளி_கியர்
போன ஞாயிறு தர்மபுரியில் எங்கள் வீட்டு மாடியில் நான்கு பேருக்கு கேஸ்லேண்ட்ஸ் சொல்லிக் கொடுத்தேன். கேள்விப்படாதவர்களுக்கு: ஹாட் வீல்ஸ் மாதிரி சின்னப் பொம்மைக் கார்களை மேசையில் ஓட்டி, சுட்டு, முந்துகிற ஆட்டம். மைக் ஹட்சின்சன் உருவாக்கியது, 2017-ல் வந்தது. நாங்கள் ஆடுவது 2019-ல் வந்த ரீஃபியூவல்ட் பதிப்பு.

முதல் மூன்று ஆட்டத்துக்குத் துப்பாக்கி கிடையாது, வெறும் ரேஸ்தான் என்றேன். இரண்டு பேர் பாதியிலேயே கிளம்பிவிட்டார்கள். இருந்தாலும் நான் செய்தது சரி என்றே நினைக்கிறேன். நான்காம் கியரில் இருக்கும் வண்டி ஒரு சுற்றில் நான்கு முறை நகரும், முதல் கியரில் இருப்பது ஒரே முறை. இது கைக்குப் பழகாமல் ஆயுதம் வைத்து என்ன பயன்?

கிருஷ்ணகிரி_மாங்கா
அண்ணா, கிளம்பிப் போனவர்கள் திரும்பி வந்தார்களா? அதைச் சொல்லவே இல்லையே. நான் அக்கா பசங்களுக்கு முதல் நாளே ஆளுக்கு ஒரு காரும் ஒரு மெஷின் கன்னும் கொடுத்தேன். கார் 12 கேன், கன் 2 கேன் (வண்டி, ஆயுதம் வாங்க இந்த ஆட்டத்தில் செலவழிக்கும் புள்ளிதான் கேன்), கணக்கு அவ்வளவுதான். கியரைக் கற்றுக் கொடுத்ததே அந்த கன்தான். சுடப்படுகிற வண்டி எந்தக் கியரில் இருக்கிறதோ அத்தனை தாயக்கட்டை உருட்டித் தப்பிக்கலாம், 6 விழுந்தால் ஒரு அடி ரத்து. இரண்டாம் கியரில் ஊர்ந்த சின்னவன் அடி வாங்கினான். அடுத்த சுற்றிலேயே, "சித்தி, நான் கியர் ஏத்தறேன்" என்றான். நான் விளக்கவே இல்லை.

நல்லம்பள்ளி_கியர்
ஏற்றுவது யாருக்கும் வரும் தங்கச்சி. இறக்குவதுதான் பாடம். அப்பா லாரி ஓட்டினவர். "ஏறின கியர்லயே இறங்கணும்" என்று தொப்பூர் கணவாயில் சொல்லிக்கொண்டே இறங்குவார். இந்த ஆட்டத்திலும் அதே கதைதான். வேகத்தோடு வளைவில் பாய்ந்தால் ஹஸார்ட் டோக்கன், அதாவது ஆபத்தைக் குறிக்கும் வில்லை, சேரும். ஆறு சேர்ந்தால் வண்டி கட்டுப்பாட்டை இழக்கும், எதிராளி அதை இஷ்டத்துக்குத் திருப்பி வைப்பார், கியர் ஒன்றுக்கு விழும். குண்டுக்குப் பயந்து கியர் ஏற்றுகிற பையன் முதல் வளைவிலேயே சிக்குவான். அதனால்தான் என் டிராக்கையே தொப்பூர் இறக்கம் மாதிரி வரைந்து, அந்தப் பெயரையே வைத்தேன்.

காவேரிப்பட்டணம்_பஸ்
கியர் விஷயத்தில் உங்கள் பக்கம்தான் அண்ணா. ஆனால் டிராக்குக்கு அந்தப் பெயர் வேண்டாம். எங்கள் பெரியப்பா அந்த இறக்கத்தில்தான் இறந்துபோனார். வண்டி உடைவதைப் பார்த்துக் கை தட்டுகிற மேசையில் அந்த ஊர்ப் பெயரை என்னால் பார்க்க முடியாது.

அப்புறம், புதியவர்கள் ஓடுவதற்குக் காரணம் துப்பாக்கி இல்லாதது என்று எனக்குத் தோன்றவில்லை. டெம்ப்ளேட்டை, அதாவது வண்டி எப்படி நகரும் என்று காட்டும் அச்சு அட்டையை, தொட்டால் அதையேதான் ஆட வேண்டும் என்று ஒரு விதி இருக்கிறதே, அதை முதல் நாளே பிடித்தீர்களா?

நல்லம்பள்ளி_கியர்
பெயரை இன்றைக்கே அழித்துவிடுகிறேன். மன்னிக்க வேண்டும், யோசிக்காமல் வைத்துவிட்டேன்.

ஆமாம், தொட்ட விதியைப் பிடித்தேன். கிளம்பின இரண்டு பேருமே தப்பான டெம்ப்ளேட்டைத் தொட்டு, வண்டியை மேசை ஓரத்துக்குக் கொண்டுபோனவர்கள்தான். இப்போது யோசித்தால் அங்கேதான் முகம் மாறியது.

கிருஷ்ணகிரி_மாங்கா
பாருங்கள்! பசங்களை நான் எல்லா டெம்ப்ளேட்டையும் வைத்துப் பார்க்க விட்டேன். எது எவ்வளவு திரும்பும் என்று கண்ணுக்குப் பழக வேண்டாமா? அண்ணா, அந்த இரண்டு பேரையும் கூப்பிடுங்கள். ஒரு ஆட்டம் உங்கள் ரேஸ், உடனே அடுத்தது என் மெஷின் கன். நானும் பசங்களோடு பஸ் ஏறி வருகிறேன்.

நல்லம்பள்ளி_கியர்
ஒரு ஆட்டம் போதாது, இரண்டாவது ரேஸ் முடியும்போதுதான் யாருமே கியரை இறக்கப் பார்க்கிறார்கள். இரண்டு ரேஸ், அப்புறம் கன். சம்மதம் என்றால் ஞாயிறு காலை பத்து மணிக்கு வாருங்கள். தொட்ட விதி அன்றைக்குக் கிடையாது.