மறுமொழி: ‘மீட்டுருச் சீட்டி’ – பழைய துணுக்குப் போர்வைகளைப் பார்த்து அச்சிடும் துணிக்கு ஒரு பெயர்

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

துணுக்குப் போர்வை என்பது சின்னச் சின்னத் துணித் துணுக்குகளை இணைத்துத் தைக்கும் போர்வை, ஆங்கிலத்தில் குவில்ட். பழைய அமெரிக்கத் துணுக்குப் போர்வைகளில் இருக்கும் பூ அச்சுகளைப் பார்த்து இன்றைய ஆலைகள் மறுபடியும் அச்சிட்டு விற்கிற துணிக்குத் தமிழில் என்ன பெயர் என்று நம் குழுமத்தில் அம்மா ஒருவர் கேட்டிருந்தார். நகல் துணி, மறுபதிப்புத் துணி, பழம்பாணித் துணி, மரபுத் துணி என்று இதுவரை நான்கு சொற்கள் வந்துவிட்டன. நான்கிலும் எனக்குத் தயக்கம் உண்டு. அந்தத் துணி எப்படி உருவாகிறது என்று முதலில் பார்த்துவிட்டால், தயக்கத்தின் காரணம் விளங்கும் என்று நினைக்கிறேன்.

> போர்வையில் இருக்கும் டிசைனை ஸ்கேன் செய்து அப்படியே அச்சடிக்கிறார்கள். அதற்கு ‘நகல்’ போதாதா?

போதாது ஐயா. அப்படியே அச்சடிக்க அங்கே முழு டிசைன் கிடைப்பதே அரிது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் தைத்த இந்தப் போர்வைகள் பலவற்றில் ஒரு முக்கோணத் துணுக்கு இரண்டு விரல் அகலம்கூட இருக்காது. அந்தக் காலத்தில் பரவிய ஒரு வகையில், ஒரு முறை வைத்த துணி இரண்டாம் முறை வரக்கூடாது என்பதே விதி. நூற்றுக்கணக்கான துணிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு துணுக்கு. அதில் கிளையின் பாதியும் பூவின் ஓரமும் தெரியும். மிச்சம் தையலுக்குள் போயிருக்கும். எத்தனை அங்குலத்துக்கு ஒரு முறை அந்தப் பூ திரும்ப வருகிறது, அதாவது அச்சுப் பட்டறையில் ரிப்பீட் என்று சொல்கிறார்களே, அதைத் துணுக்கிலிருந்து அறிய முடியாது. அதே துணி இன்னொரு போர்வையிலோ, தைத்து முடிக்காமல் விட்ட கட்டங்களிலோ கிடைக்கிறதா என்று தேட வேண்டும். கிடைத்தால் இரண்டையும் பொருத்திப் பார்க்கலாம். கிடைக்காவிட்டால், அந்தக் காலத்துத் துணிகள் எப்படி அமைந்திருந்தன என்று தெரிந்தவர் மீதியை வரைந்து நிரப்ப வேண்டும்.

அப்புறம் நிறம். இந்த வேலையில் என்னை மிகவும் ஈர்ப்பது இதுதான். செயற்கைச் சாயங்கள் வருவதற்கு முன்னால் பச்சைக்கு என்று உறுதியான தனிச் சாயம் கிடையாது. நீலத்தின் மேல் மஞ்சளை ஏற்றினார்கள், அல்லது மஞ்சளின் மேல் நீலத்தை. காலப்போக்கில் மஞ்சள் வெளுத்துவிட்டால் இலையெல்லாம் நீலமாக நிற்கும். நூற்றாண்டின் இறுதியில் வந்த செயற்கைச் சாயங்கள் சிலவற்றில் பச்சையும் சிவப்பும் வெளுத்து மணல் நிறமாகிவிட்டன. பழுப்பின் கதை இன்னும் மோசம். சிவப்புச் சாயம் தரும் நம் மஞ்சிட்டிக்கு உறவான ஐரோப்பிய மேடர் வேரோடு, இரும்பு உப்பை நிறமூன்றியாக (சாயம் நூலில் பிடித்து நிற்க உதவும் பொருளாக) சேர்த்தால் கரும்பழுப்பு வரும். அந்த இரும்பு நாளடைவில் நூலையே அரித்துவிடும். அதனால்தான் சில போர்வைகளில் பழுப்புப் பூ இருந்த இடத்தில் மட்டும் ஓட்டை இருக்கிறது, சுற்றியுள்ள துணி நன்றாகவே இருக்கிறது.

இப்போது வடிவமைப்பாளர் எந்த நிறத்தை அச்சிடுவார்? இன்று கண்ணுக்குத் தெரியும் மணல் நிறத்தையா, அன்று கடையில் கஜக்கணக்கில் விற்ற பச்சையையா? உள்ளே பஞ்சும் அடியில் துணியும் வைத்துத் தைக்காமல் விட்ட போர்வை மேல்துணி கிடைத்தால் அதைத் திருப்பிப் போட்டு, மடிப்புக்குள் வெயில் படாமல் இருந்த ஓரத்தைப் பார்க்கலாம். பழைய நிறம் அங்கே ஓரளவு தங்கியிருக்கும். ஆனாலும் வாங்குகிறவர்கள் பலருக்கு வெளுத்த நிறம்தான் ‘பழமை’. எதை எடுத்தாலும் அது ஒருவர் யோசித்து எடுக்கும் முடிவு. நகல் எடுக்கிறவருக்கு அப்படி முடிவெடுக்கும் வேலையே இல்லை.

> புத்தகம் மறுபதிப்பு வருவதுபோல் துணியும் மறுபதிப்பு வருகிறது. எல்லோருக்கும் புரியும்.

புரியும் என்பது உண்மை. ஆனால் தவறாகப் புரியும் என்பதுதான் என் கவலை. மறுபதிப்பு என்றால் அதே பனுவல், ஒரு சொல்லும் மாறாமல். இங்கே அச்சிடும் முறையே மாறிவிட்டது. அந்தத் துணிகள் செதுக்கிய செப்பு உருளையில் அச்சானவை. தாமஸ் பெல் 1783இல் காப்புரிமை பெற்ற முறை அது. செம்பில் வெட்டிய கோடு மயிரிழை போல விழும். இன்று பெரும்பாலும் சுழல் திரை, அதாவது நுண்துளைகள் வழியே சாயத்தைத் துணியில் இறக்கும் சுழலும் உருளை. பரவலாகப் பயன்படும் திரையின் சுற்றளவு 64 செ.மீ. என்பதால் ரிப்பீட் அந்த 64ஐ மீதியில்லாமல் வகுக்க வேண்டும். மூலத்தில் 5 செ.மீ.க்கு ஒரு பூ என்றால் கணக்கு ஒத்துவராது. 13 முறை வருமாறு 4.92 செ.மீ. ஆகச் சுருக்க வேண்டும், இல்லையென்றால் பூக்களின் இடைவெளியைத் திருத்த வேண்டும். பழைய அச்சில் இருந்த குண்டூசிப் புள்ளிகளைத் திரை தாங்குமா என்று பார்த்துச் சிலவற்றைப் பெரிதாக்க வேண்டும்.

‘பழம்பாணி’ பழைய மாதிரியில் புதிதாக வரைந்ததற்கும் பொருந்தும், எனவே வேண்டாம். ‘மரபுத் துணி’யைக் கைத்தறிக்காரர்கள் ஏற்கெனவே எடுத்துக்கொண்டார்கள்.

என் முன்மொழிவு: மீட்டுருச் சீட்டி.

முதல் பாதியை மொழியியலிலிருந்து எடுத்தேன். தமிழ், தெலுங்கு, கன்னடச் சொற்களை ஒப்பிட்டு, எந்த ஏட்டிலும் இல்லாத மூலத் திராவிட வடிவத்தைக் கண்டடைவதை மீட்டுருவாக்கம் என்கிறோம். கிடைத்த சான்றுகளிலிருந்து கிடைக்காத முழுமையை நியாயமாக ஊகிப்பது அது. துணுக்கை வைத்துத் துணியை எழுப்புவதும் இதே வேலைதான். ‘மீட்டுரு’ என்று சொன்னால், இடையில் ஒருவருடைய தேடலும் தீர்மானமும் இருக்கின்றன என்பது சொல்லிலேயே வந்துவிடுகிறது.

> சீட்டி என்றால் இளைஞர்கள் விசில் என்று நினைப்பார்கள்.

தனியே நின்றால் நினைக்கலாம். ‘சீட்டிப் பாவாடை’ என்றால் யாரும் குழம்புவதில்லை. அது விலை குறைந்த, பூப்போட்ட பருத்தித் துணி. போர்வைத் துணுக்குகளில் பெரும்பங்கும் அப்படிப்பட்ட துணிதான், உடுப்பு தைத்து மிஞ்சியது. இலங்கை நண்பர் இதே துணிக்கு அங்கே வழங்கும் ‘சீத்தை’யை நினைவூட்டியிருந்தார், யாழ்ப்பாணத்தில் அது இன்னும் வழங்குகிறது என்பது எனக்கு இரட்டிப்பு மகிழ்ச்சி.

வேறொரு காரணமும் உண்டு. இந்தச் சின்னப் பூ அச்சுகளின் முன்னோர் 17, 18ஆம் நூற்றாண்டுகளில் சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிய சீட்டித் துணிகள். சாயவேரில் எடுத்த நம் சிவப்பு துவைத்தாலும் போகாது என்பதால் ஐரோப்பாவில் அதற்கு அவ்வளவு கிராக்கி. உள்ளூர் நெசவாளர்கள் கொதித்தெழ, பிரான்ஸ் 1686இல் தடை போட்டது. இங்கிலாந்து 1701இல் இறக்குமதியையும், 1721இல் அச்சிட்ட பருத்தியை உடுத்துவதையுமே பெரும்பாலும் தடுத்தது. அந்தத் துணியைப் பார்த்துக் கற்றுக்கொண்ட ஐரோப்பிய அச்சகங்களின் வழியில்தான் பிறகு அமெரிக்க ஆலைகளும் வந்தன. ஆகவே சீட்டி என்ற சொல் இங்கே வெளியாள் அல்ல.

துணைச் சொற்கள் இரண்டு தேவைப்படும். வடிவமைப்பாளர் முன்னே இருக்கும் பழைய துணிக்கு ‘மூலச்சீட்டி’. மூலத்தின் மனநிலையை மட்டும் எடுத்துக்கொண்டு தாராளமாக வரைந்ததற்கு ‘சாயல் அச்சு’. விற்பனையில் இவை எல்லாமே ஒரே பெயரில் வருவதால் வாங்குகிறவர் ஏமாறுகிறார். போர்வை வரலாற்றாய்வாளர் பார்பரா பிராக்மன், மோடா என்ற அமெரிக்கத் துணி நிறுவனத்துக்காகத் தான் உருவாக்கிய துணிகளைப் பற்றி எழுதும்போது பழைய துணியையும் புதிய அச்சையும் அருகருகே வைத்துக் காட்டுவதுண்டு. எது மூலம், எது கூடுதல் என்று நாமே பார்த்துக்கொள்ளலாம். எல்லோரும் அப்படிச் செய்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

‘துணுக்குப் போர்வை’ பற்றியும் ஒரு வரி. ‘ஒட்டுப் போர்வை’ வேண்டாம் என்று நான் சொல்வது, ஒட்டு என்பது ஒரு துணியின் மேல் இன்னொன்றை வைத்துத் தைப்பது என்பதால். தேரில் தொங்கும் தொம்பையில் இருக்கிறதே, அந்த வேலைக்கு அந்தச் சொல்லை விட்டுவைப்போம். இங்கே துணுக்குகள் ஓரத்தோடு ஓரம் இணைகின்றன. ‘துண்டு’ தோளில் போடுவது. ‘கந்தை’ கேட்கும்போதே வலிக்கிறது; கணக்குப் போட்டு, நிறம் பார்த்து, மாதக்கணக்கில் தைத்த பொருளை அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சரி, அகராதிப் பதிவை இப்படி வைக்கலாமா?

மீட்டுருச் சீட்டி (பெ.): பழைய அச்சுத் துணியின் எஞ்சிய பகுதிகளைச் சான்றாகக் கொண்டு, அதன் வடிவத்தையும் நிறத்தையும் ஊகித்து நிறைவாக்கி, இன்றைய முறையில் அச்சிட்ட பருத்தித் துணி.

ஒன்று மட்டும் தீரவில்லை. 1930களில் அமெரிக்க ஆலைகள் மாவும் தீவனமும் பூப்போட்ட பருத்திப் பைகளில் அடைத்து விற்றன. பெண்கள் பையைப் பிரித்து உடுப்பும் போர்வையும் தைத்தார்கள். அந்த அச்சுகளுக்கும் இன்று மீட்டுரு வருகிறது. மூலத்தைச் ‘சாக்குத் துணி’ என்றால் நம் வாசகர் சணலை நினைப்பார். ‘மாவுப்பைச் சீட்டி’ என்று எழுதிப் பார்த்தேன், தீவனம் விட்டுப்போகிறது. ‘பைச்சீட்டி’ சுருக்கமாக இருக்கிறது, ஆனால் பை தைக்கும் துணி என்று பொருள்பட இடம் இருக்கிறது. நெசவு, தையல் தொழிலில் இருக்கும் குழும நண்பர்கள் இதற்கு ஒரு வழி சொல்ல வேண்டும்.

அன்புடன்